காகிதம் ஒட்டிய சன்னல்கள்

பெரிசாத் படிக்கிற அழகைக் கேட்டால் யாரும் ஏமாந்துதான் போவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, தடுமாறாமல் வாசிப்பாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றுவாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அதிகம்தான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் அம்மா சைராகுல் அரைக் காதோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குதிரை மலையடிவாரத்தில் மேய்ந்தது. குட்டி அதன் பின்னாலேயே போனது. இப்போது எல்லோரும் பக்கத்தைத் திருப்புங்கள், செல்லங்களே" என்று வாசித்துவிட்டு, பெரிசாத் பக்கத்தைத் திருப்பினாள்.

சைராகுலின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கப் படி."

"எது?"

"பக்கத்தத் திருப்பச் சொன்னியே, அது."

பெரிசாத் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அது டீச்சர் சொல்லுவாங்கம்மா."

"புத்தகத்துல எங்க இருக்கு?"

"டிவியில இருக்கு."

சைராகுல் எழுந்து வந்து, மாவு ஒட்டிய உள்ளங்கையால் குதிரைப் படத்தை மூடினாள். கீழே இருந்த ஒரு சொல்லை மற்ற கை விரலால் தொட்டாள். "இது என்ன?"

"குதிரை."

"இது?"

"குட்டி." இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அந்தச் சொல் குட்டியும் இல்லை, குதிரையும் இல்லை. புல் என்று இருந்தது.

போன மார்ச்சில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது பெரிசாத் முதல் வகுப்பில் எழுத்துகளைப் பாதிவரைதான் தாண்டியிருந்தாள். மிச்சப் பாதியைத் தொலைக்காட்சியில் வரும் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அந்தம்மாவுக்கு இவளைத் தெரியாது. இவள் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று அங்கிருந்து பார்க்க முடியாது. பிள்ளை கெட்டிக்காரி, காதால் பிடித்துக்கொண்டாள். கண்ணால் பிடிக்க வேண்டியது அப்படியே நின்றுபோயிற்று.

"விடு சைரா" என்று உள்ளறையிலிருந்து அவள் கணவர் கலிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கேட்டதெல்லாம் மனசுல நிக்குதே. எனக்கு நேத்துத் தின்னது ஞாபகம் இல்ல."

"சிரிங்க. கல்யாணப் பத்திரிகையைக் கூட டிவி வந்து படிச்சுச் சொல்லட்டும் அவளுக்கு."

கலிஸ் நிலக்கரி லாரி ஓட்டியவர். சுரங்கத்தில் ஏற்றி, கணவாய் தாண்டி, ஊர் ஊராகக் கொட்டிவிட்டு வருவார். ஜூலை மாதம் ஊரெல்லாம் கொரோனா படுத்தியபோது அவரும் விழுந்தார். ஜில்லா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்டில் போட்டார்கள். பிழைத்து வந்தார். ஆனால் தொழுவத்துக்கு நடந்து போய்வந்தாலே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஜூரா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை வந்தால் இந்த நுரையீரல் தாங்காது.

இப்போது சின்ன வகுப்புகளைப் புத்தாண்டு கழிந்ததும் திறக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அன்று சாப்பாட்டுக்கு முன் கலிஸ் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். முன்னாலேயே யோசித்து வைத்திருந்தது பேச்சில் தெரிந்தது.

"பள்ளிக்கூடம் தொறக்கட்டும். நான் தம்பிகிட்டப் போயிடறேன்."

"எங்க? மலைக்கா?"

"ஆமா. குளிர்கால மேய்ச்சல்ல அவனும் தனியாத்தான இருக்கான்."

"ஏங்க, அந்தக் குடிசைல சாணி எரிச்சு, புகையில கண்ணே தெரியாது. இந்தப் பனியில குதிரை தவிர ஒண்ணும் ஏறாது. போன் பேச முடியாது. உங்களுக்கு மூச்சு முட்டினா ஜூராக்கா பறந்தா வருவா?"

"அப்ப புள்ளைய அனுப்பாத."

சைராகுல் தேநீரில் பாலை ஊற்றினாள், கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பெரிசாத் ரொட்டியைக் கடிக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ போவா. நீங்களும் வீட்ல இருப்பீங்க" என்றாள் சைராகுல் கடைசியில். "பள்ளிக்கூடத்த நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தப் பாப்ப?"

"நோய் உள்ள வராம பாப்பேன்."

கலிஸ் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் அம்மாமார்கள் எல்லோரும் அஷார் கூடினார்கள். யாருக்காவது வீடு கட்டினாலும், வைக்கோல் இறக்கினாலும், கூலியில்லாமல் ஊரே வந்து கைகொடுப்பதற்கு அங்கே அப்படிப் பெயர். இந்தத் தடவை சன்னல் ஒட்டுவதற்கு. இலையுதிர்காலத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் அங்கே மட்டும் யாரும் செய்யவில்லை.

சன்னலுக்கு உள்சட்டம், வெளிச்சட்டம் என்று இரண்டு உண்டு. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியின் அடியில் பஞ்சை மெத்தை மாதிரி பரப்ப வேண்டும், உருகி வடிகிற ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பிறகு சட்டமும் சட்டமும் சேரும் ஒவ்வொரு இடுக்கிலும் கத்தி முனையால் பஞ்சைத் திணிக்க வேண்டும். அதற்கு மேல் பழைய செய்தித்தாளை விரல் நீளத்துக்கு அகலமாகக் கிழித்து, மாவுப்பசை தடவி ஒட்ட வேண்டும். பசையில்தான் சூட்சுமம். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டுத்தான் கொதிநீரில் ஊற்றிக் கிளற வேண்டும், நேரே போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். கெட்டியாகிப்போனால் காகிதம் காய்ந்ததும் உரிந்துவிடும், நீர்த்துப்போனால் ஒட்டவே ஒட்டாது. சைராகுல் கிளறிய பசை கரண்டியிலிருந்து நூல்போல் இறங்கியது.

"இவ பசைல ஒட்டினா புருஷன்கூட விட்டுப் போகமாட்டான்" என்றாள் ஊல்கான். சைராகுலின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகனும் இரண்டாம் வகுப்புத்தான்.

"அதான் உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருக்கேன். உன் ஆளுதான் மாசத்துல பாதி நாள் சந்தையில கெடக்காரே."

"கெடக்கட்டும்டி. வீட்ல கெடந்தா எனக்கு இன்னொரு புள்ள வளக்குற வேல." ஊல்கான் முக்காலிமேல் ஏறி நின்றாள். "இந்த மேல இருக்குற சின்னக் கதவ என்ன பண்ண? விட்டுரவா?"

பெரிய சன்னலின் மேல்மூலையில் புத்தகம் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு தனியாக இருக்கும். அறை புழுங்கினால் அதை மட்டும் திறந்துகொள்ளலாம் என்று வைத்தது.

"அதையும் ஒட்டு" என்றாள் சைராகுல். "ஜூராக்கா வந்து சூடு பாப்பா. பதினெட்டு டிகிரிக்குக் கொறஞ்சா பள்ளிக்கூடத்தத் தெறக்க விடமாட்டாளாம்."

"சும்மாவா? போன வருசம் இதோ இந்தப் பாழாப்போன கதவு வழியா காத்து வந்துதான் எம்மவனுக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு."

"எங்க வீட்டுக்காரருக்கும் லாரிக் கண்ணாடி எறக்கினாத்தான் தொடங்கும்."

காற்று இழுக்கிற இடத்தில் உட்கார்ந்தால் நோய் வரும் என்பதில் அந்த அறையில் இருந்த யாருக்கும் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டது அது. பேருந்தில் யாராவது சன்னலை இறக்கினால் மொத்த பேருந்தும் சண்டைக்கு நிற்கும். அதனால் ஒவ்வொரு இடுக்கையும் ஆசை ஆசையாக அடைத்தார்கள். சைராகுல் ஒட்டிய இடத்திலேயே இன்னொரு சுற்று ஒட்டினாள். கலிஸ் நெஞ்சுக்குள் ஒரு விரிசலை அடைப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

வேலை முடிந்ததும் கடைசியாக அர்ச்சா புகை. மலைச் சரிவில் வளரும் அர்ச்சா மரத்துச் சுள்ளியை இரும்பு வாணலியில் போட்டுக் கொளுத்தி, அணைத்து, புகைய விட்டு, மூலை மூலையாகக் கொண்டு போனார்கள். ஜூலையில் ஊரில் நோயை விரட்ட இந்தப் புகை போடாத வீடில்லை. அறை நீலமாகிப்போனதும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் துணி விரித்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளும் பாலாடையும் தேநீருமாக உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் கனிஷாய் ஜில்லா நகரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது தேநீர் மூன்றாம் சுற்றில் இருந்தது. கையில் முகக்கவசப் பெட்டியும் ஒரு சுவர் வெப்பமானியும் இருந்தன. கூடவே ஜூராவும் வந்தாள், பூட்சில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே.

"அடேயப்பா, என்ன வாசனை! எந்த அறை?"

"ரெண்டாம் வகுப்புக்கா. வாங்க வாங்க, சூட்டப் பாருங்க. அடுப்பே எரியாட்டியும் கதகதன்னு இருக்கும்" என்று ஊல்கான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள்.

மதியத்து வெயில் தெற்குச் சன்னல் வழியாகச் சாய்வாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் புகை அப்படியே நின்றது. மேலேறவில்லை, கீழிறங்கவில்லை. மேசைகளுக்கு மேல் போர்வையை விரித்ததுபோல் தொங்கியது.

ஜூரா வாசலிலேயே நின்றாள். "எப்பப் போட்டீங்க இத?"

"நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. சாப்பிடவே உக்காரல அப்ப."

"ஏம்மா, சன்னலத் தெறந்து விடறதுக்காகத்தான் டீச்சர்கிட்டத் தனியா சொல்லி அனுப்பினேன். அவங்க வந்து சொல்றதுக்குள்ள நீங்க பெட்டிக்குள்ள முட்டையை வெச்ச மாதிரி மூடி வெச்சிருக்கீங்க."

"தெறந்தா காத்து அடிக்காதா?" ஊல்கான் இடுப்பில் கை வைத்தாள். "கொரோனா வராம சளி வந்து சாகணுமா எம்புள்ள?"

"சளியும் காத்துல வர்றதில்ல ஊல்கான். சளி புடிச்ச ஆள்கிட்டருந்து வருது."

"நீ படிச்சவ, சொல்லுவ. எனக்கு மூணு புள்ளை, நாலு குளிர்காலம் அவங்க நெஞ்சத் தேச்ச கை இது."

கூட்டத்தில் பாதி ஊல்கான் பக்கம் தலையாட்டியது. ஜூரா கனிஷாயைப் பார்த்தாள். கனிஷாய் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள்.

சைராகுலின் பார்வை வெயிலிலேயே இருந்தது. பெரிசாத் உட்காரப்போகும் இடம் இரண்டாவது மேசை. அந்த மேசைக்கு மேலே புகை நின்றுகொண்டிருந்தது. போட்டவர்கள் வெளியே போய், சாப்பிட்டு, சிரித்து, கதை பேசி முடித்தும் போட்ட புகை போகவில்லை. அப்படியென்றால் முன் மேசைப் பிள்ளை ஒன்று இருமிவிட்டு வீட்டுக்குப் போனாலும், அது விட்ட மூச்சு?

"ஜூராக்கா" என்றாள். "நம்ம வாய்லருந்து வர்றதும் இப்பிடித்தான் நிக்குமா?"

"இப்பிடியேதான். இதாவது கண்ணுக்குத் தெரியுது."

சைராகுல் பஞ்சு திணித்த கத்தியை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள். தான் இரண்டு சுற்று ஒட்டிய காகிதத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகக் கீறினாள்.

"அடியே! ஒங்கையால ஒட்டினதுடி!" என்று கத்தினாள் ஊல்கான்.

"ஆமா, நல்லாத்தான் ஒட்டியிருக்கேன். வர மாட்டேங்குது பாரு."

முதலில் மேலே இருந்த சின்னக் கதவை மட்டும் திறந்தார்கள். அதன் பக்கத்தில் இருந்த புகை கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். பிறகு பெரிய சன்னலைத் திறந்தார்கள். சன்னலோரம் தெளிந்தது, உள்மூலை அப்படியே நீலமாக இருந்தது. அதற்குப் பிறகு, வாசல் கதவையும் தாழ்வாரத்துக்கு அந்தப்புறம் வடக்கே பார்த்த பழைய அறையின் சன்னலையும் சேர்த்துத் திறந்தார்கள். அப்போதுதான் புகை புறப்பட்டது. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் மொத்தமாக நகர்ந்து, தாழ்வாரத்தைக் கடந்து, மறுபக்கம் வெளியேறியது. ஊல்கானின் கிண்ணத்தில் தேநீர் ஆறுவதற்குள் வெயில் வெறும் வெயிலாகிவிட்டது.

காற்றுக்கு வருகிற வழியும் வேண்டும், போகிற வழியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடும்.

"இன்னொரு தடவ போடு புகைய" என்றாள் ஊல்கான். நம்பாமல்தான் கேட்டாள். போட்டார்கள். மறுபடியும் அதே மாதிரி போயிற்று. மூன்றாவது தடவை அவளே வாணலியைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்கு அடியில் வைத்தாள், அங்கிருந்தும் போயிற்று.

"சரி, போகுது" என்றாள். "சூடு? அது யாரு வீட்டுக்குப் போகுது?"

சைராகுல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கலிஸ் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். லாரியும் கரியும் அடுப்பும் அவருடைய விஷயம்.

"சுவரத் தொட்டுப் பாத்தியா? தெறந்து மூடினப்புறம்?"

"இல்ல."

"நாளைக்கு அடுப்ப எரிச்சு, தெறந்து, மூடிட்டுத் தொட்டுப் பாரு. காத்து புடிச்சு வெக்கிற சூடு கரண்டி அளவுன்னா, செங்கல்லு புடிச்சு வெக்கிறது அண்டா அளவு. கொஞ்ச நேரம் ஒரேயடியாத் தெறந்தா கரண்டிதான் கொட்டும். மூடின உடனே சுவரும் அடுப்பும் திரும்ப ஊத்திரும். அந்தச் சின்னக் கதவ நாள் பூராத் தெறந்து வெச்சாத்தான் தப்பு, அண்டாவே காலியாயிரும்."

"காத்து அடிச்சா புள்ளைங்களுக்கு?"

"அந்த நேரம் புள்ளைங்க உள்ள எதுக்கு? கோட்டப் போட்டு வெளிய ஓட விடு. இன்னொண்ணு, அடுப்புக்கும் இதுதான் நல்லது. உள்ள காத்து வரலேன்னா பொகபோக்கி எப்பிடி இழுக்கும்? நீங்க ஒட்டின ஒட்டுக்கு அடுப்ப மூட்டியிருந்தா கரிப்புகை அறைக்குள்ளயே சுத்தி எல்லாரும் தலவலில விழுந்திருப்பீங்க."

சைராகுல் அவர் முகத்தைப் பார்த்தாள். பல மாதமாக அந்தக் குரலில் அவர் எதையும் பேசியதில்லை.

"அப்ப இருக்கீங்களா?"

கலிஸ் சன்னல் பக்கம் திரும்பினார். உறைந்த ஓடைக்கு அந்தப்புறம் பள்ளிக்கூடத்தின் தெற்குச் சுவர் நேராகத் தெரிந்தது.

"இங்கருந்தே பாப்பேன். ஒவ்வொரு தடவ மணியடிக்கும்போதும் அந்த சன்னல் தெறக்கணும். தெறக்குற வரைக்கும் இருப்பேன். என்னைக்கு மணியடிச்சும் தெறக்கலயோ அன்னைக்கு சேணத்தக் கட்டிருவேன். பேசி வெச்சது பேசி வெச்சதுதான்."

புத்தாண்டு கழிந்து பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மதியத்துக்கு மேல். ஒரு மேசைக்கு ஒரு பிள்ளை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாளியில் கொஞ்சம் கரி கூடுதலாக வந்தது. கடைசியில் கரியைக் குறைசொன்னவளும் ஊல்கான்தான், அதிகமாகக் கொண்டுவந்தவளும் ஊல்கான்தான்.

கலிஸ் சன்னலோரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். மணியடிக்கும். கோட்டுகளோடு பிள்ளைகள் பனியில் கொட்டுவார்கள். பிறகு தெற்குச் சன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்பக்கம் திறக்கும். கனிஷாய் கழுத்தில் சுற்றிய சிவப்புத் துண்டு தெரியும். "தெறந்துட்டா" என்பார் யாரிடமும் இல்லாமல். மாடு கறந்துவிட்டு வரும் சைராகுலுக்கு அந்த ஒரு சொல் போதும். பால் வாளியை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே தோள் இறங்கிவிடும்.

வீட்டில் மட்டும் கலிஸ் அறைச் சன்னல் ஒட்டியபடியே இருந்தது. சைராகுல் கதவைத் திறந்து வீட்டைக் காற்றாட விடுவாள், அந்தச் சன்னலைத் தொடமாட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு நியாயம், ஒன் வீட்டுக்கு ஒரு நியாயமா?" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டாள் ஊல்கான்.

"அவரு நெஞ்சு வேறடி."

"ஜூராக்கா கேக்கட்டும், ஒன்ன அடுப்புல வெச்சிருவா."

பிப்ரவரியில் ஒரு நாள் குளிர் முற்றியது. இரவெல்லாம் காற்று. காலையில் தொழுவக் கதவின் தாழ்ப்பாளில் கையுறை ஒட்டிக்கொண்டது. பெரிசாத்தைக் கண் மட்டும் தெரியும்படி சுற்றி அனுப்பிவிட்டு, சைராகுல் மாட்டுக்கு வெந்நீர் வைத்தாள். தொழுவ வேலையெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது கலிஸ் நாற்காலியில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த சேணப்பையைக் கீழே இறக்கி, கம்பளிக் காலுறைகளை அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"மணி அடிச்சுது. தெறக்கல."

"காத்து இப்பிடி அடிக்குது, கொஞ்சம் பிந்தியிருக்கும்..."

"அடுத்த மணியும் அடிச்சுது சைரா. புள்ளைங்களும் வெளிய வரல." அவர் கோபமாகப் பேசவில்லை. "குளிர் வந்தா மூடிக்குவாங்கன்னு தெரியும். தப்பு சொல்லல. யாரா இருந்தாலும் மூடிக்குவாங்க."

"இருங்க. நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் அந்தப் பையக் கட்டாதீங்க."

சால்வையை வழியிலேயே போட்டுக்கொண்டு ஓடைமேல் ஓடினாள். பனித்துகள் முகத்தில் மணல்போல் அடித்தது. மலைக் குடிசைதான் கண்முன் வந்தது. புகை, சாணி நெருப்பு, இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், கூப்பிட்டால் கேட்காத தூரம். பள்ளிக்கூடக் கதவைத் தள்ளி இரண்டாம் வகுப்பைத் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. தெற்குச் சன்னலின் சட்டங்கள் நெடுகக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. பிள்ளைகள் விட்ட மூச்சின் ஈரம் சட்டத்தில் வடிந்து, இரவுக் குளிரில் உறைந்து, ஒட்டிய காகிதத்தைவிட இறுக்கமாகப் பூட்டியிருந்தது. கீழே ஒரு கரண்டியும் உடைந்த மரத்துண்டும் கிடந்தன. யாரோ திறக்கப் போராடியிருக்கிறார்கள்.

தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. வடக்கு அறை. மலையைப் பார்த்த அறை, ஓடைக்கரை வீட்டிலிருந்து தெரியாத அறை. எட்டிப் பார்த்தாள். எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. கனிஷாய் அப்போதுதான் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள், உள்ளே வந்து விழுந்த பனி சன்னல் திண்டில் இன்னும் உருகவில்லை.

"வாங்கக்கா. என்னாச்சு?"

"சன்னல்... தெறக்கலன்னு..."

"அந்தப் பக்கம் உறைஞ்சு போச்சுக்கா. உடைஞ்சிருமோன்னு விட்டுட்டோம். அதான் காலைலயே இங்க குடிவந்தாச்சு. காத்து அடிக்குதுன்னு வெளிய விடாம, தெறக்குற நேரம் தாழ்வாரத்துல குதிரை ஓட்டம் ஓட விட்டேன்." கனிஷாய் சிரித்தாள். "ஊல்கானக்கா மவன் என்னையவே முந்திட்டான்."

சைராகுல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் மூச்சும் ஒன்றாக வந்தன.

"டீச்சர், ஒரு ஒத்தாசை. ஒங்க சிவப்புத் துண்டக் குடுங்க."

அவள் வெளியே போய், பள்ளிக்கூடத்துச் சுவரில் கொடி கட்டும் கொக்கியில், ஓடைப்பக்கம் தெரியும்படி துண்டைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கலிஸ் வாசலிலேயே நின்றிருந்தார். பை கையில் இல்லை.

"வேற அறையா?"

"வேற அறை. தெறந்துதான் வெச்சாங்க. திண்டு பூராப் பனி. இனி வடக்குப் பக்கம் தெறந்தா துண்டு கட்டறேன்னு டீச்சர் சொல்லிட்டா."

"நல்ல துண்டு" என்றார் கலிஸ். "இங்க வரைக்கும் தெரியுது."

அந்த மாதக் கடைசியில் ஊல்கான் வேலி வரைக்கும் வந்து, தூரத்திலேயே நின்று கத்தினாள். "பக்கத்துல வராத சைரா! எங்க ஆளு சந்தையிலருந்து கொண்டு வந்துட்டாரு. எனக்கும் வந்துருச்சு, மவனுக்கும் காய்ச்சல். ஜூராக்கா குச்சி விட்டுப் பாத்துட்டா, அதேதான்." குரல் உடைந்தது. "அவன் முந்தாநாள் வரைக்கும் வகுப்புலதான்டி இருந்தான். பெரிசாத்துக்கு முன் மேசை. கலிஸ் அண்ணனுக்கு எதாச்சும் ஆனா நான்..."

"வாய மூடு. சூப்பு வெச்சு வேலிமேல வெக்கறேன், எடுத்துக்க."

ஜூரா பள்ளிக்கூடத்தை நிறுத்தி, எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னாள். கலிஸ் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரிசாத் வெளியறையில். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். சைராகுல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டு, கடைசியில் கையே எதையும் சொல்ல மறுத்தது. யாராவது தும்மினால் மற்ற இரண்டு பேரும் அசையாமல் நிற்பார்கள்.

ஒன்றும் வரவில்லை. பெரிசாத்துக்கு வரவில்லை. மூன்றாவது மேசைப் பையனுக்கு வரவில்லை. கனிஷாய்க்கும் வரவில்லை. ஊல்கானின் மகன் காய்ச்சல் விட்டு எழுந்து, கூரைப் பனியைத் தள்ளுகிறேன் என்று ஏறி அடி வாங்குகிற சத்தம் வேலியைத் தாண்டி வந்தது. அதைக் கேட்டுக் கலிஸ் கதவுக்கு அந்தப்புறம் சிரித்தார். இருமல் வரவில்லை, அல்லது வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஜூரா வீடு வீடாக வந்து கடைசியாக இங்கே வந்தாள். எல்லோருக்கும் சோதித்தாயிற்று, எல்லோரும் சரி, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்றாள். உள்ளறைக் கதவைத் தானே திறந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஏம்மா சைரா. இத்தன நாளா இவர இந்தப் பெட்டிக்குள்ளயா வெச்சிருந்த?"

சைராகுல் தரையைப் பார்த்தாள். "அவரு நெஞ்சுக்குக் காத்து..."

"அவ ஒட்டினதுக்கா" என்றார் கலிஸ். "லேசுல வராது."

ஜூரா போன பிறகு அவர் பஞ்சு திணிக்கிற கத்தியைக் கேட்டார். சைராகுல் அதைத் தேடி எடுப்பதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டு, கழுத்துவரை சுற்றி, முடிச்சுப் போட்டு, கத்தியைக் கொடுத்தாள். வெளியே வெயில். கூரையிலிருந்து முதல் தடவையாகச் சொட்டுச் சத்தம் கேட்டது.

அவர் கத்தியைச் சட்டத்தின் மேல்மூலையில் வைத்தபோது பெரிசாத் ஓடி வந்தாள்.

"அப்பா, இருங்க, இருங்க!"

"என்னடா?"

"வெட்டாதீங்க. படிச்சுக்கறேன்."

அவள் சன்னலுக்கு நெருக்கமாகப் போனாள். மஞ்சளித்துப்போன செய்தித்தாள் துண்டு குத்தாக ஒட்டியிருந்தது, அதனால் தலையைத் தோள்மேல் சாய்த்துக்கொண்டாள். விரலை முதல் எழுத்தில் வைத்தாள். படம் எதுவும் இல்லை. யாரும் முன்னால் படித்துக் காட்டியதும் இல்லை.

"உ... ருளை... உருளைக்... கிழங்கை." நின்றாள். உதடு அசைந்தது. "ஈ... ஈரம்... இல்லாத... இடத்தில்..." விரல் நகரவில்லை. பின்னால் போயிற்று, மறுபடி வந்தது. தப்பாக ஒன்று சொன்னாள், இல்லை என்று தானே தலையசைத்து, எழுத்து எழுத்தாகத் திரும்பக் கூட்டினாள். தொலைக்காட்சியில் யாரும் இவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

சைராகுல் கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டாள். கலிஸ் கத்தியைச் சட்டத்திலேயே பிடித்தபடி நின்றார்.

"குவித்து... வைத்து... வை..." காகிதம் அங்கே கிழிந்து முடிந்திருந்தது. பெரிசாத் நிமிர்ந்தாள். "மிச்சம் எங்கப்பா?"

"தெரியலயேடா. உங்கம்மா பள்ளிக்கூடத்து சன்னல்ல ஒட்டி அன்னைக்கே கிழிச்சுட்டாளோ என்னவோ."

"வைக்கோல்னு இருக்கும்" என்றாள் பெரிசாத், கொஞ்சம் யோசித்துவிட்டு. "வைக்கோல் போட்டு மூடணும். நம்ம அப்பிடித்தான மூடுவோம்?"

"ஆமா. அப்பிடித்தான்."

"சரி. இப்ப வெட்டுங்க."

கலிஸ் கத்தியை இழுத்தார். காகிதம் மேலிருந்து கீழாகப் பிரிந்தது.